பேரம் பேசுவோரும் பேசப்படுவோரும்: மலையகத் தொழிலாளர் வரலாற்றை முன்வைத்துச் சில குறிப்புகள்

பேரம் என்னும் சொல் தமிழ் வழக்கில் இருவேறு மதிப்புப் பெற்று வழங்குகின்றது. சந்தையில் அது அன்றாடத் தொழில். கேட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு வருபவரை உலகியல் அறியாதவர் என்றே வீட்டாரும் அயலாரும் கொள்வர். அரசியலுக்கு வந்ததும் அதே சொல் வசையாகிவிடுகின்றது. ஒரு தலைவர் பேரம் பேசினார் என்றால் அவர் எதையோ விற்றுவிட்டார் என்பதே பொருள். ஒரே செயல் ஓரிடத்திற் சாமர்த்தியமாகவும் பிறிதோரிடத்தில் இழுக்காகவும் கொள்ளப்படுவதை வெறும் அறவுணர்வின் முரண்பாடு என ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. மக்கள் வழக்கினுள் ஒரு கூர்மையான அவதானிப்புப் பொதிந்துள்ளது. சந்தையிற் பேசுவோர் தமக்குரிய பொருளைப் பற்றிப் பேசுகின்றனர். அரசியலிலோ பேசப்படும் பொருள் பெரும்பாலும் அங்கு அமர்ந்திராத வேறு பலரது வாழ்வாக இருக்கின்றது. இவ்வேறுபாட்டை இலங்கையின் மலையகத் தொழிலாளர் வரலாற்றின் துணைகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அண்மைக்கால முகாமைத்துவக் கல்வியிற் பேரம் பேசுதல் ஒரு தனிக் கலையாகக் கற்பிக்கப்படுகின்றது. 1981 இல் ரோஜர் ஃபிஷர், வில்லியம் யூரி ஆகியோர் அமெரிக்காவில் வெளியிட்ட நூல் இத்துறையின் பாடநூலாகவே ஆகிவிட்டது. மனிதரையும் பிரச்சினையையும் பிரித்து நோக்குக, நிலைப்பாடுகளை விடுத்து நலன்களைப் பேசுக என்றவாறு அமையும் அதன் அறிவுரைகள் பயனற்றவை என நாம் கூறமாட்டோம். அந்நூலிலேயே மிகவும் உண்மையான பகுதி, பேச்சு முறிந்தால் ஒருவருக்கு எஞ்சியிருக்கும் மாற்றுவழி எத்துணை நல்லதோ அத்துணை வலிமையுடன் அவர் பேசலாம் என உணர்த்தும் பகுதியாகும். ஆயின் இஃது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அறியப்பட்ட செய்தி. கூலித் தகராறுகளில் முதலாளிமாரே நீண்டகாலம் தாக்குப்பிடிக்க வல்லவர் என்பதை ஆதம் சிமித் 1776 இலேயே தெளிவாக எழுதியுள்ளார். மார்க்ஸ் தமது மூலதனம் முதலாம் பாகத்தில் (1867) இதனை மேலும் ஆழமாக ஆராய்ந்தார். உழைப்புச் சந்தையில் விற்பவனும் வாங்குபவனும் சட்டத்தின் முன் சமமானோராகவே சந்திக்கின்றனர். ஒருவனுக்கு விற்காமலிருக்க இயலாது என்பது மட்டும் அந்தச் சமத்துவத்திற் பதிவாவதில்லை. முகாமைத்துவ நூல்கள் ஒருவனது மாற்றுவழி ஏன் நல்லதாகவும் மற்றவனது மாற்றுவழி ஏன் பட்டினியாகவும் இருக்கின்றது என்று கேட்பதில்லை. அக்கேள்வி வரலாற்றுக்குரியது.

பேரம் 'படிந்தது' என நாம் சொல்கின்றோம். படிதல் என்பதற்குத் தமிழிற் பணிதல், கீழ்ப்படிதல் என்ற பொருள்களும் உண்டு என்பது மனங்கொள்ளத்தக்கது. இரு தரப்பும் மனமொத்துச் சேர்ந்த செயலைக் குறிக்கவும் ஒருவர் மற்றவருக்கு அடங்கியதைக் குறிக்கவும் மொழி ஒரே வினையைத் தெரிந்துகொண்டுள்ளது. இதைக்கொண்டு பெரிய முடிவெதற்கும் வருவதற்கில்லை. எனினும் சொற்கள் சில வேளைகளில் அறிஞரிலும் பார்க்க நேர்மையானவை.

நமது பழைய இலக்கியங்கள் வணிகத்தை நோக்கிய முறையும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரை அளவிலும் விலையிலும் நடுவுநிலை பிறழாதோராகப் போற்றுகின்றது. அஃது ஓர் உயர் வணிக வர்க்கம் தன்னைப் பற்றிக் கொண்டிருந்த கருத்துநிலையின் இலக்கிய வடிவம் எனலாம். சிலப்பதிகாரத்திலோ அதே வணிக மரபிற் பிறந்த ஒருவனின் இறுதி விற்பனை வேறு விதமாகக் காட்டப்படுகின்றது. கோவலன் விலையறியாதவன் அல்லன்; கடல் வணிகத்தாற் செழித்த குடியிற் பிறந்தவன். ஆயின் மதுரைக்கு வந்தபோது அவனிடம் முதல் இல்லை, அறிந்தார் இல்லை, காத்திருக்கக் காலமும் இல்லை. சிலம்பை விற்றேயாகவேண்டிய அயலானாக அவன் பொற்கொல்லன் முன் நிற்கின்றான். பொருளின் மதிப்பைக் கூறும் அதிகாரமும் அரண்மனைக்குச் செல்லும் வழியும் பொற்கொல்லனின் கையில் இருந்தன. அங்குப் பேரம் என ஒன்று நடைபெறவேயில்லை. இக்காட்சியை ஊழ்வினையின் செயலாகப் படித்துப் பழகியுள்ளோம். விற்றேயாகவேண்டியவனின் நிலை பற்றிய சித்திரமாகவும் அதனைப் படிக்கலாம் என்பது எமது கருத்து.

தமிழகத்து மாட்டுச் சந்தைகளில் விலை பேசும் முறையொன்று உண்டு. தரகரும் வாங்குபவரும் தம் கைகளை ஒரு துண்டால் மூடிக்கொண்டு, விரல்களைப் பிடித்து அழுத்தித் தொகையை உணர்த்துவர். சுற்றி நிற்போருக்கு விலை தெரியாது. முகங்களில் எவ்விதச் சலனமும் இராது. தலையசைவு மட்டுமே வெளியே தெரியும். பேரக் கலையின் நுட்பங்கள் அனைத்தும் அந்தத் துண்டின் கீழ் அடங்கிவிடுகின்றன எனலாம். மாடு அருகே கட்டப்பட்டு நிற்கும். நாம் இதனைக் குறிப்பிடுவதற்குக் காரணம், இலங்கைத் தோட்டங்களின் வரலாற்றிலும் 'துண்டு' எனப் பெயர்பெற்ற ஒரு பொருள் இருந்தமையாகும்.

தோட்டத் துண்டு என்பது ஒரு கடதாசித் துண்டு. குறிப்பிட்ட கங்காணியின் கீழுள்ள தொழிலாளரின் கடன் இவ்வளவு, அத்தொகை செலுத்தப்படின் அவர்களை விடுவிக்கச் சம்மதம் எனத் துரை அதில் எழுதிக் கொடுப்பார். தென்னிந்தியக் கிராமங்களில் முற்பணம் கொடுத்து ஆள் திரட்டிவந்த கங்காணி, அம்முற்பணத்தையும் வழிச்செலவையும் பின்னர் சேர்ந்த அரிசிக் கடனையும் தொழிலாளியின் பெயரில் எழுதிவைத்திருப்பார். துண்டைக் கையிற்கொண்டு அவர் வேறு தோட்டங்களுக்குச் சென்று பேசுவார். ஆட்பற்றாக்குறை நிலவிய காலங்களிற் புதிய துரை கூடுதலான தொகை கொடுக்கவும் ஆயத்தமாயிருப்பார். கடன் தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு மாறும்போதெல்லாம் வளர்ந்துசென்றது. நாளொன்றுக்கு வேலைக்கு இறங்கும் தலையெண்ணிக்கைப்படி கங்காணிக்குத் தலைக்காசும் கிடைத்தது. துரைக்கும் கங்காணிக்கும் இடையே நடைபெற்ற இப்பேரம், இரு தரப்பினரதும் அறிவையும் பொறுமையையும் தந்திரத்தையும் வேண்டிநின்ற உண்மையான பேரமேயாகும். தொழிலாளி அதிற் பேசியவர் அல்லர், பேசப்பட்டவர். துண்டு முறை 1921 இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயின் அம்முறை விட்டுச்சென்ற உறவுநிலை, அதாவது தொழிலாளர் சார்பில் வேறொருவர் பேசுவதும் பேசியதற்கான பயனைப் பேசியவரே பெறுவதுமாகிய நிலை, அத்துடன் ஒழிந்தது எனக் கூற இயலாது.

அடுத்த காற்பகுதி நூற்றாண்டில் நிலைமை சிறிது மாறிற்று. அதற்கான காரணங்களுள் ஒன்று வெளியிலிருந்து வந்தது. 1922 ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டத்தின் பின்னர், ஆட்களை அனுப்புவதை நிறுத்திவிடக்கூடிய அதிகாரம் இந்திய அரசின் கையில் இருந்தது. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டம் அவ்வழுத்தத்தின் பின்னணியிலேயே பிறந்தது. தோட்டத்துரைமார் திடீரென மனமிரங்கினர் எனக் கொள்வதற்கு ஆதாரம் எதுவுமில்லை. மற்றக் காரணம் உள்ளிருந்து தோன்றியது. 1930களின் இறுதியில் தோட்டங்களிற் சங்கங்கள் வேரூன்றலாயின. 1939 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. இடதுசாரிகளின் சங்கங்களும் தோட்டங்களுள் நுழைந்தன. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாராற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டிலேயே துரைமார் சங்கமும் தொழிற்சங்கங்களும் எழு அம்ச ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டன. கோவிந்தனின் மரணத்துக்கும் அவ்வொப்பந்தத்துக்கும் இடையிலான சில மாதங்களே மலையகத்திற் கூட்டுப் பேரத்தின் பிறப்புக்காலம் எனலாம். துரைமார் அதுவரை சங்கங்களைத் தம்முடன் பேசத் தகுதியுடைய ஒரு தரப்பாகவே ஏற்றிருக்கவில்லை. பேச்சுவார்த்தையின் முதல் வெற்றி, பேச்சுவார்த்தை நடைபெற்றதேயாகும்.

இவ்வாறு பெற்ற இடம் மிக விரைவிற் பறிபோயிற்று. 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பிற் பலர் பாராளுமன்றம் புகுந்தனர். மலையகத்தின் முதன்மைக் கவிஞரான சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலைத் தொகுதியில் வெற்றிபெற்றதும் அத்தேர்தலிலேயே. வேறு பல தொகுதிகளிலே தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளருக்குக் கைகொடுத்தன. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் வதிவிடப் பிரசாவுரிமைச் சட்டமும், அவற்றைத் தொடர்ந்து வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அவ்வாக்குகளை இல்லாமலாக்கின. இன உணர்வு இச்சட்டங்களின் வெளிப்படையான மொழி. வர்க்க அச்சம் அவற்றின் உட்பொருள். ஆயின் இனவுணர்வை வெறும் போர்வையாகக் கொள்வதும் தவறாகும். பெருந்தோட்டங்களால் நிலமிழந்த கண்டிச் சிங்கள விவசாயியின் உண்மையான குறை, அக்குறைக்குக் காரணமாகாத தொழிலாளிக்கு எதிராகத் திருப்பப்பட்டது. தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948 இல் அமைச்சரவையிற் சேர்ந்ததும், அதனையும் பிரசாவுரிமைச் சட்டத்தையும் ஒட்டி எழுந்த பிளவிலிருந்து 1949 டிசெம்பரிற் தமிழரசுக் கட்சி பிறந்ததும் யாவரும் அறிந்தவை.

வாக்கிழந்த மக்கள் அதன்பின் பிறரது பேரங்களில் ஒரு விடயமாக மட்டுமே இடம்பெற்றனர். 1957 யூலை 26 இற் கைச்சாத்தான பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் பற்றி எழுதுவோர் பிரதேச சபைகளையும் மொழியையும் குடியேற்றத்தையும் பற்றி விரிவாக எழுதுவர். இந்திய வம்சாவழியினரின் பிரசாவுரிமைப் பிரச்சினையும் அப்பேச்சில் எழுப்பப்பட்டது என்பதையும், அது விரைவிற் கவனிக்கப்படும் என்னும் பிரதமரின் வாக்கோடு ஒத்திவைக்கப்பட்டது என்பதையும் பலர் கடந்து செல்வர். எந்த விடயம் உடனடியாகத் தீர்க்கப்படுகின்றது, எது கவனிக்கப்படும் என எழுதி வைக்கப்படுகின்றது என்பதே எந்தப் பேரத்திலும் முதலில் வாசிக்கப்படவேண்டியதாகும். ஒப்பந்தம் 1958 ஏப்ரல் 9 இற் கைவிடப்பட்டமைக்கும் பேரத்தின் இயல்போடு தொடர்புண்டு. இரு தலைவர்கள் தமக்கிடையே ஒரு முடிவுக்கு வருவது பாதி வேலையே. ஒவ்வொருவரும் தத்தம் தரப்பினரோடு மீண்டும் பேசி அதனைப் படியவைத்தல் வேண்டும். இரண்டாவது பேரத்துக்குப் பண்டாரநாயக்க ஆயத்தம் செய்திருக்கவில்லை. பிக்குகள் அவரது இல்லத்தின் முன் வந்தமர்ந்தபோது அவரிடம் எதிர்வைக்க மக்கள் இயக்கம் எதுவுமிருக்கவில்லை. 1965 ஆம் ஆண்டின் டட்லி–செல்வநாயகம் ஒப்பந்தமும் ஏறத்தாழ இதே வழியிற் சென்றது.

இப்போது 1964 க்கு வருவோம். அவ்வாண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்பாடு, நாடற்றோராயிருந்த 975,000 பேரை எண்ணிக்கையிற் பகிர்ந்தது. 525,000 பேரை இந்தியா ஏற்கும்; 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்கும்; எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசப்படும். இவை 15 ஆண்டுகளில் நிறைவேற்றப்படல் வேண்டும். ஏழுக்கு நான்கு என்ற விகிதம் நிருவாக நடைமுறையின் சூத்திரமாகியது. இரு அரசுகளின் நோக்கிலிருந்து பார்க்குமிடத்து இது வெற்றிகரமான பேரமாகும். நீண்டகால இழுபறி தீர்ந்தது. இரு தரப்பும் விட்டுக்கொடுத்தன. இரு தரப்பும் தத்தம் நாட்டுக்குச் சென்று வெற்றியெனச் சொல்லிக்கொள்ள ஏதோவொன்று கிடைத்தது. பாடநூல் வேண்டும் இலக்கணங்கள் அனைத்தும் அதற்குண்டு.

அந்த 975,000 பேருள் எவரும் அதில் ஒரு தரப்பாக இருக்கவில்லை. அவர்களது தொழிற்சங்கங்களும் தரப்பாக இருக்கவில்லை. எந்த மனிதர் எந்த எண்ணுக்குள் அடங்குவார் என்பது பேசி முடிந்த பின்னரே எழுந்த கேள்வி. நடைமுறையில் மக்கள் தாமாக வரித்துக்கொண்ட விடை எண்களோடு ஒத்துவரவில்லை. இந்தியாவுக்கு விண்ணப்பித்தோர் ஒதுக்கப்பட்ட தொகையிலும் குறைந்தனர். இலங்கைக்கு விண்ணப்பித்தோரோ 300,000 ஐ மிகவும் விஞ்சினர். எஞ்சிய 150,000 பேரின் விவகாரம் 1974 சனவரியில் இந்திரா காந்தியுடன் செய்துகொண்ட உடன்பாட்டில் முடிவுற்றது. முடிவு யாதெனில், ஆளுக்குப் பாதி: 75,000, 75,000. சந்தையில் நூறென்று ஒருவரும் எண்பதென்று மற்றவரும் நிற்கும்போது தரகர் தொண்ணூறில் முடித்துவைப்பார். காசைப் பாதியாக்கலாம் என்பதால் அம்முறை அங்குப் பொருந்துகின்றது. ஒரு குடும்பத்தில் தகப்பனுக்கு ஒரு நாடும் மணமான மகளுக்கு மறு நாடும் வாய்த்த கதைகளை மலையகத்தில் இன்றும் கேட்கலாம். அக்கதைகளின் தொடக்கம் இக்கணக்கிலேயே உள்ளது.

மக்கள் தாமாகவே விண்ணப்பித்தனர் என்று வாதிடுவோர், எச்சூழலில் விண்ணப்பித்தனர் என்பதை மறந்துவிடுதலாகாது. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்ட வேளையில் வேலையும் பாதுகாப்பும் நிலைகுலைந்தன. 1973–74 காலத்து உணவுத் தட்டுப்பாடு லயங்களில் மரணங்களை ஏற்படுத்தியது. கப்பலேறியோரிற் பலர் பசியினாலேயே முடிவெடுத்தனர். மறுகரையில் அவர்களுட் சிலர் நீலகிரிப் பகுதியிற் பின்னாளில் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக வளர்ந்த நிறுவனத்தின் மலைச்சரிவுகளில் மறுபடியும் கொழுந்து கொய்தனர். 1984 இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பற் சேவை நின்றதும், இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே தோட்டங்களில் தங்கிவிட்டோர் மற்றொரு பிரச்சினையாயினர்.

இவ்விடத்தில் எம்மைச் சார்ந்தோரைப் பற்றியும் கூறாது விடுதல் நேர்மையாகாது. 1948 இற் பிரசாவுரிமைச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தவர்களுள் இடதுசாரிகள் முன்னணியில் நின்றனர். 1963 இல் ஒன்றுபட்ட தொழிற்சங்கங்கள் இருபத்தொரு கோரிக்கைகளை முன்வைத்து, நாடு அதுவரை காணாத ஒரு தொழிலாளர் ஒற்றுமையைத் தோற்றுவித்திருந்தன. 1964 யூனில் லங்கா சமசமாஜக் கட்சி சிறிமாவோவின் அரசாங்கத்திற் சேர்ந்தது. கலாநிதி என். எம். பெரேரா நிதியமைச்சரானார். இருபத்தொரு கோரிக்கை இயக்கம் அத்தோடு கலைந்தது. நான்கு மாதங்களின் பின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது இடதுசாரிகள் அவ்வரசாங்கத்தின் உள்ளேயே இருந்தனர். ஒரு மாபெரும் பேரவலிமை, மூன்று அமைச்சுப் பதவிகளுக்கு மாற்றீடு செய்யப்பட்டது. இதனைத் தனிமனிதரின் பதவியாசை என்று விளக்குதல் எளிது. ஆயின் ஆய்வுக்கு உதவாது. தொழிலாளரின் ஒற்றுமையைத் தலைமையின் கையிலுள்ள செலவழிக்கத்தக்க முதலாகக் கருதிய ஒரு சிந்தனைமுறை அங்குச் செயற்பட்டது. கங்காணியின் துண்டிலும் அச்சிந்தனையைக் கண்டோம் என்று கூறின் நண்பர்கள் சிலர் வருந்தக்கூடும்.

இதனாற் பேரமே ஆகாது, உடன்பாடே துரோகம் என்ற முடிவுக்கு நாம் வரவில்லை. அவ்வாறு வருவோரை லெனின் 1920 இலேயே கண்டித்துள்ளார். விட்டுக்கொடுப்புகள் ஒவ்வொன்றையும் அவற்றின் சூழலில் வைத்து ஆராயவேண்டும் என்பதே அவரது நிலைப்பாடு. 1986 ஆம் ஆண்டின் நிகழ்ச்சி இதற்கு உகந்த எடுத்துக்காட்டாகும். அவ்வாண்டு தைப்பொங்கலையொட்டி இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தோட்டங்களிற் பிரார்த்தனை இயக்கமொன்றைத் தொடங்கியது. காலை வேளைகளில் தொழிலாளர் வேலைக்கு இறங்காது பிரார்த்தனையில் ஈடுபட்டனர். சௌ. தொண்டமான் அப்போது அதே அரசாங்கத்தின் அமைச்சராகவும் இருந்தார். அமைச்சரவையில் அமர்ந்தவாறே அமைச்சரவைக்கு எதிராக மக்களைத் தெருவில் அன்றிக் கோயில் முன்றலிற் கூட்டிய அவரது முறைமை எமது கோட்பாட்டுச் சட்டகங்களுள் எளிதில் அடங்குவதன்று. ஆயினும் விளைவு குறிப்பிடத்தக்கது. எந்நாட்டுக்கும் விண்ணப்பியாதிருந்த 94,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்க அரசாங்கம் இணங்கியது. சட்டம் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்கள் எஞ்சியோரின் நாடற்ற நிலைக்கு முடிவுகட்டின. 1964 இற் பேரத்தின் பொருளாயிருந்தோர் 1986 இற் பேரத்தின் வலிமையாயிருந்தனர். தலைவரின் திறமை இரண்டுக்கும் இடைப்பட்டதொரு கருவியே.

வாக்குரிமை மீண்டபின் மலையகத்தின் பேரம் பெரும்பாலும் கூலி பற்றியதாயிற்று. 1992 இல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. கம்பனிகளின் சார்பில் முதலாளிமார் சம்மேளனமும், தொழிலாளர் சார்பில் மூன்று சங்கத் தரப்புகளும் கூட்டொப்பந்தம் செய்துவந்தன. இவ்வொப்பந்தங்களை வாசிக்கும் ஒருவருக்கு முதலிற் புலப்படுவது, சம்பளம் என்பது ஒரே தொகையாக இல்லாமை. 2013 இல் அடிப்படைச் சம்பளம் 450 ரூபா, வருகைக் கொடுப்பனவு 140, விலைப் பங்கு 30, மொத்தம் 620. 2016 இல் அடிப்படை 500, வருகை 60, உற்பத்தி ஊக்குவிப்பு 140, விலைப் பங்கு 30, மொத்தம் 730. 2019 சனவரியில் அடிப்படை 700, விலைப் பங்கு 50, மற்றவை இல்லை, மொத்தம் 750.

2019 இன் கணக்கைச் சிறிது நின்று நோக்குவோம். அடிப்படைச் சம்பளமாக 1000 ரூபா வேண்டுமெனத் தொழிலாளர் கோரினர். 2018 ஒக்டோபரிற் கறுப்புடை அணிந்த மலையக இளைஞர் கொழும்புக் காலிமுகத்திடலிற் கூடியது அக்கோரிக்கைக்காகவே. ஒப்பந்தம் கைச்சாத்தானதும் அடிப்படைச் சம்பளம் 200 ரூபாவால் உயர்ந்தது என அறிவிக்கப்பட்டது. அது பொய்யன்று. முன்னர் எல்லாக் கொடுப்பனவுகளையும் பெற்றுவந்த ஒரு தொழிலாளியின் நாட்கூலி 20 ரூபாவால் மட்டுமே உயர்ந்தது என்பதும் பொய்யன்று. அடிப்படை உயர்ந்தமையால் ஊழியர் சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதிக்கும் செலுத்தப்படும் பங்கு உயர்ந்தது. குறித்த வீத வருகையையோ குறித்த அளவு கொழுந்தையோ எட்டமுடியாது கொடுப்பனவுகளை இழந்துவந்தோர் ஓரளவு நன்மையடைந்தனர். இவை சிறியனவல்ல. எனினும் ஒரே ஒப்பந்தத்தை மேடையில் 200 என்றும் கையில் 20 என்றும் சொல்ல இயலுமாயிருந்தது என்றால், அவ்வாறு சொல்ல இயலும் வகையிலேயே சம்பளம் துண்டுபோடப்பட்டிருந்தது என்பது பொருள். கூறுகளாகப் பிரிக்கப்பட்ட சம்பளம் பேரம் பேசும் இரு தரப்புத் தலைமைகளுக்கும் வசதியானது.

காத்திருக்கும் வலிமை யாரிடம் இருந்தது என்பதற்கும் இவ்வொப்பந்தங்களே சான்று. 2013 ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2015 மார்ச்சுடன் முடிவுற்றது. அடுத்தது 2016 ஒக்டோபரிலேயே வந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பேச்சுவார்த்தைச் சுற்றுகளிற் கழிந்தது. கொழும்பிலே தேயிலை ஏலம் 1883 யூலை 30 இல் முதன்முதலாக நடைபெற்றது. இன்றும் வாரந்தோறும் நடைபெறுகின்றது. அங்குத் தேயிலைக்கு விலை படிவதற்கு எடுக்கும் நேரம் சில வினாடிகள். தேயிலை கெட்டுப்போகும் என்பதனால் ஏலம் காத்திருப்பதில்லை. உழைப்பும் அன்றன்றைக்கு அழியும் பண்டமே. இன்று விற்கப்படாத ஒரு நாளின் உழைப்பை நாளைக்கு எடுத்துவைக்க முடியாது. அதன் விலையைப் பேச மட்டும் பதினெட்டு மாதங்கள் எடுத்துக்கொள்ளலாம் எனக் கருதப்பட்டது. அத்துடன் ஒப்பந்தக் காலத்தில் அதே விடயங்களின் பேரில் வேலைநிறுத்தம் செய்வதில்லை எனச் சங்கங்கள் இணங்குவதும் கூட்டொப்பந்தங்களின் வழமையாயிருந்தது. பேரத்துக்குச் செல்பவர் தமது ஒரே மாற்றுவழியை வாயிலிலேயே வைத்துவிட்டுச் செல்வதற்கு அது ஒப்பாகும்.

2021 மார்ச்சில் 900 ரூபாவுடன் 100 ரூபா கொடுப்பனவும் சேர்த்து நாளுக்கு 1000 ரூபாவைச் சம்பள நிருணய சபை வழியாக அரசு நிர்ணயித்தது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றதோடு கூட்டொப்பந்தத்திலிருந்தும் விலகிக்கொண்டன. 2024 மே மாதத்தில் 1700 ரூபா என வர்த்தமானி வெளிவந்தது. அதுவும் வழக்குக்குள்ளாகி, செப்ரெம்பரில் 1350 ரூபா அடிப்படைச் சம்பளமாக முடிந்தது. கூலிப் பேரம் இவ்வாறு தேர்தற் பேரமாக உருமாறியமை தனியே ஆராயப்படவேண்டியது. இங்கு நாம் சுட்டவிரும்புவது வேறொன்று. 1000 ரூபா நடைமுறைக்கு வந்தபோது பல தோட்டங்களில் நாளொன்றுக்குக் கொய்யவேண்டிய கொழுந்தின் நிறை உயர்த்தப்பட்டதாகவும், மாதத்தில் வேலை வழங்கப்படும் நாட்கள் குறைக்கப்பட்டதாகவும் முறைப்பாடுகள் எழுந்தன. நாட்கூலி கொழும்பிலே பேசப்படுகின்றது. அந்நாளுக்குரிய நிறை எவ்வளவு என்பது தோட்டத்திலே, காலைப் பிரட்டுக்களத்திலே தீர்மானமாகின்றது. குறித்த நிறைக்குக் குறைந்தால் 'அரைப்பேர்' விழும். நாளில் பாதிக்கே சம்பளம்.

கொழுந்து கொய்வோர் பெரும்பாலும் பெண்கள். 1984 ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே ஆணுக்கு நிகரான நாட்கூலி அவர்களுக்குக் கிடைத்தது. கூட்டொப்பந்த மேசைகளில் அவர்களது முகங்களைக் காண்பது அரிது. மாலையில் நிறுவைத் தராசின் முன் அவர்கள் வரிசையாக நிற்பர். மழைநாளாயின் ஈரத்துக்கென்றும், கூடைக்கென்றும், கோணிக்கென்றும் நிறையிற் கழிக்கப்படும். எத்தனை கிலோ கழிப்பது என்பது கணக்கப்பிள்ளை சொல்வதே. நிறுத்துமுடிந்த கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்தவருக்கு இடம்விட்டு நகரும் அக்கணத்தில், எண் சரியில்லை என்று ஒரு பெண் சொல்வாராயின் வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்போர் என்ன செய்வர் என்பதைக் கொண்டே அத்தோட்டத்திற் சங்கம் இருக்கின்றதா இல்லையா என்பதை நாம் அறிந்துகொள்கின்றோம்.